அருணந்தி சிவாசாரியரும் உலகம் உள்பொருளென்னும் உண்மையும்

சைவப் பாடசாலைகளிற் பயிலும் சிறுவரைச் சமயகுரவர் யாவரெனக் கேட்பின், நால்வர் பெயரையும் தடையின்றிக் கூறுவர். சந்தானகுரவர் யாவரென வினவின், மெய்கண்டார், அருணந்தியார், மறைஞானசம்பந்தர், உமாபதியார் எனப் பெயரளவிற் சொல்லி அவ்வளவில் நின்றுவிடுவர். அதற்குமேல் அவர்க்குச் சொல்லிக்கொடுத்தார் இலர் என்பதே காரணம். தேவாரம் இசையோடு கூடியதாகலின் செவிவழியே தானே உள்ளம் புகும். சாத்திரமோ ஆசிரியர் வாய்வழியன்றிப் புகாது. ஆகலின், சந்தானகுரவருள் இரண்டாமவராகிய அருணந்தி சிவாசாரியர் வரலாற்றை, ஆசிரியன்மார் வகுப்பில் எடுத்துரைத்தற்கு ஏற்றவாறு ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் வாழ்வின் நடுவே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சிக்கும், அவர் தம் நூலுள் எடுத்து மறுத்த ஒரு கொள்கைக்கும் நெருங்கிய தொடர்புண்டு. அத்தொடர்பே நாம் சிறப்பாகக் காட்ட விழைவது. அக்கொள்கையாவது, புறத்தே பொருளென ஒன்றும் இல்லை, உள்ளது அறிவொன்றே என்பது.

நடுநாட்டிலே, பண்ணுருட்டிக்கு அணித்தாய் உள்ளது திருத்துறையூர். சுந்தரமூர்த்தி நாயனார் இறைவனிடத்துத் தவநெறி வேண்டிப் பதிகம் பாடிய தலம் அது. அவ்வூரிலே, ஆதிசைவ மரபிலே, கி.பி. 13ஆம் நூற்றாண்டிலே நம் ஆசாரியர் தோன்றினார். வடமொழியும் தென்மொழியும் வல்லவராய், சிவாகமங்களை ஐயந்திரிபறக் கற்றுணர்ந்தமையால், அவரைச் சகலாகம பண்டிதர் என்றே உலகம் அழைத்தது. மாணவர் பலர் அவரைச் சூழ்ந்திருந்தனர். சைவ வேளாண் குடிகள் பல அவரைத் தம் குலகுருவாகக் கொண்டு ஒழுகின.

அக்குடிகளுள் ஒன்று திருப்பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர் குடி. களப்பாளர்க்கு எல்லாச் செல்வமும் இருந்தும் மக்கட்செல்வம் இல்லை. அவர் தம் குறையைக் குலகுருவிடம் விண்ணப்பித்தார். பண்டிதர் திருமுறைக்குப் பூசனை செய்து, கயிறு சாத்திப் பார்த்தார். திருஞானசம்பந்தர் அருளிய திருவெண்காட்டுப் பதிகத்துள், அத்தலத்து முக்குள நீரிற் படிந்து வழிபடுவார் மகப்பேறு முதலியன பெறுவர் என்னும் கருத்துடைய பாட்டு வந்தது. களப்பாளரும் மனைவியாரும் திருவெண்காடு சென்று நோன்பிருந்து, ஓர் ஆண்மகவைப் பெற்றனர். தலத்தின் பெயரையே மகவுக்கு இட்டுச் சுவேதவனப் பெருமாள் என வழங்கினர். அம்மகவே பிற்காலத்து மெய்கண்டார். இதனை ஆசிரியர்கள் மனங்கொள்ளல் வேண்டும். தம் குரு பிறத்தற்கு வழிகாட்டியவர் நம் பண்டிதரே. ஆயினும் அதனை அவர் அப்பொழுது அறிந்திலர்.

குழந்தை திருவெண்ணெய்நல்லூரிலே தாய்மாமன் இல்லத்தில் வளர்ந்தது. கயிலையினின்று பொதியமலை நோக்கிச் சென்ற பரஞ்சோதி முனிவர், இடைவழியே அக்குழந்தையின் பக்குவத்தை உணர்ந்து, ஞானோபதேசஞ் செய்து, மெய்கண்டார் என்னும் திருப்பெயரும் சூட்டினார் என்பது வரலாறு. குழந்தை அவ்வூர்ப் பொல்லாப்பிள்ளையார் சந்நிதியிலே தான் பெற்ற பொருளைச் சிந்தித்துத் தெளிந்து, சிவஞானபோதத்தை அருளிச்செய்து, அடைந்தார்க்கு உரைக்கத் தொடங்கிற்று. பன்னிரண்டு சூத்திரங்களால் ஆகிய அச்சிறு நூலே சைவசித்தாந்தத்திற்கு முதனூல்.

இச்செய்தி சகலாகம பண்டிதர் செவிக்கு எட்டியது. தாம் ஆசி கூறப் பிறந்த மகவு, தம் மரபினரை வணங்கவேண்டிய குடியிற் பிறந்த மகவு, ஆசானாய் அமர்ந்து ஞானம் உரைப்பதா என்று அவருள்ளம் பொறாதாயிற்று. குழந்தை வந்து தம்மைக் காணாமையும் அவர்க்குக் குறையாகத் தோன்றிற்று. மாணவர் குழாத்தோடு திருவெண்ணெய்நல்லூர் சென்றார். அப்பொழுது மெய்கண்டார் ஆணவ மலத்தின் இயல்பை மாணவர்க்கு விளக்கிக்கொண்டிருந்தார். பண்டிதர் நின்றபடியே, ஆணவத்தின் வடிவம் எத்தகையது என வினவினார். மெய்கண்டார் வாய்திறந்து ஒன்றும் கூறவில்லை. பண்டிதரை அடிமுதல் முடிவரை நோக்கி, அவரையே சுட்டிக் காட்டினார் என்ப. நின்ற அந்நிலையே ஆணவத்தின் வடிவமென்பது பண்டிதர்க்கு ஒரு நொடியில் விளங்கிற்று. முதுமையும் குலமும் புலமையும் ஆகிய மூன்றையும் மறந்து அக்குழந்தையின் அடியில் வீழ்ந்தார். மெய்கண்டார் அவரை ஏற்றுத் தீக்கை செய்து, அருணந்தி என்னும் பெயரும் நல்கினார். மெய்கண்டார் மாணவர் நாற்பத்தொன்பதின்மர் என்பர். அவருள் தலைமை பெற்றவர் அருணந்தியாரே.

இந்நிகழ்ச்சியைச் செருக்கடங்கிய கதையாக மட்டும் சொல்லி முடித்தல் போதாது. இதனுள் ஆழ்ந்த தத்துவம் ஒன்று உண்டு. பண்டிதர் கல்லாத ஆகமம் இல்லை. ஆணவமலம் என்னும் சொல்லும், அதற்குச் சொல்லப்படும் இலக்கணமும் அவருள்ளத்தே நெடுங்காலம் இருந்தனவே. இருந்தும் தம்பால் உள்ள ஆணவத்தை அவர் கண்டிலர். அவர் அறிவுக்குப் புறம்பே நின்ற ஒருவர் காட்டிய பின்னரே கண்டார். பிற பொருள்களையெல்லாம் காணுங் கண் தன்னைத் தான் காணமாட்டாது. ஞாயிற்றின் ஒளி உதவாவழிப் பிறவற்றையும் அது காணாது. ஆன்மாவும் அத்தகையதே, காட்டக் காணும் இயல்பினது என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. காட்டுவாரும் காட்டப்படுவதும் காண்பானுக்கு வேறாக இருந்தாலன்றிக் காட்டுதல் என்னும் தொழில் நிகழாது. இவ்வுண்மையை அருணந்தியார் ஏட்டிற் கற்றதோடு அமையாது, தம் வாழ்விலே பட்டும் அறிந்தார். எல்லாம் அறிவே என்பாரை அவர் பிற்காலத்து எதிர்த்தது இந்த அநுபவத்தின்மேல் நின்றே என நாம் கருதுகின்றோம்.

ஆசாரியர் இயற்றியவை சிவஞானசித்தியார், இருபாஇருபது என்னும் இரு நூல்கள். இருபாஇருபது வெண்பாவும் ஆசிரியப்பாவும் மாறிமாறி வரும் இருபது பாட்டால் ஆகியது. தம் குருவை முன்னிலைப்படுத்தி வினவும் போக்கினது. சிவஞானசித்தியார் சிவஞானபோதத்திற்கு வழிநூல்; பரபக்கம், சுபக்கம் என இரு பகுதியுடையது. சுபக்கம் தம் கொள்கையைப் பன்னிரு சூத்திர முறையில் விரித்துரைக்கும். பரபக்கம் பிற கொள்கையினர் பதினால்வரை ஒவ்வொருவராக எடுத்து ஆராயும். சித்தியாருக்கு மேற்பட்ட சாத்திரம் இல்லையெனப் பெரியோர் பாராட்டுவது வெறும் புகழ்ச்சியன்று.

பரபக்கத்தின் முறையை ஆசிரியர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். முதலிலே மாற்றான் கொள்கையை அவன் வாயாற் சொல்வதுபோலவே நிறுத்துவர். அதன் பின்னரே மறுப்பர். மாற்றானை எளியவனாக்கிக் காட்டி எளிதில் வெல்லுதல் அவர் வழக்கன்று. பதினால்வருள் முதற்கண் வைக்கப்பட்டவன் உலகாயதன். காணப்படும் பூதங்களே உள்ளன, அறிவென்பது உடம்பின் கூட்டரவால் தோன்றுவது, உடம்போடு அழிவது என்பான் அவன். அவனையடுத்துப் பௌத்தர் நால்வர் வருகின்றனர். அவருள் இரண்டாமவனாகிய யோகாசாரன் உலகாயதனுக்கு நேர் மறுதலை. பூதமென்று ஒன்றும் இல்லை, அறிவே புறப்பொருள்போலத் தோன்றுகின்றது என்பான். சடமே உண்டு என்பானையும் சித்தே உண்டு என்பானையும் ஒரே நூலுள் நிறுத்தி, இருவருக்கும் இடையே மெய்ந்நெறி செல்லுவதை ஆசாரியர் காட்டினார்.

யோகாசாரம் என்னும் விஞ்ஞானவாதம் தமிழர்க்கு அயலானது என்று எண்ணற்க. வடநாட்டிலே அசங்கரும் வசுபந்துவும் அதனை வகுத்தனர். பின்னர் அதற்குப் பேருரை கண்ட தருமபாலர் நம் காஞ்சிமாநகரத்தவர். கி.பி. 6ஆம் நூற்றாண்டிலே நாளந்தைப் பல்கலைக்கழகத்திற்குத் தலைவராய் வீற்றிருந்தவர். அவர் மாணவர் சீலபத்திரர். சீலபத்திரரிடம் பாடங்கேட்டவர் சீனத்து யாத்திரிகராகிய யுவான்சுவாங். அவர் தாயகம் மீண்டு, தருமபாலர் கருத்தையே தலைமையாகக் கொண்டு கி.பி. 659இல் தொகுத்த நூல், சீனத்திலும் சப்பானிலும் அந்நெறியினர்க்கு ஆதாரமாயிற்று. ஆகவே உலகம் மனத்தின் தோற்றமே என்னும் கொள்கை கீழைத்தேயம் முழுதும் பரவியதில் ஒரு தமிழூர்ப் பேரறிஞர்க்கும் பங்குண்டு. அருணந்தியார் எதிர்த்தது பித்தர் பேச்சையன்று. பேரறிஞர் பலர் பல நூற்றாண்டு ஆய்ந்து நாட்டிய கோட்பாட்டையே.

அக்கோட்பாட்டின் நியாயங்களை, ஆசாரியர் முறையைப் பின்பற்றி, அவர் பக்கமே நின்று முதலிற் சொல்லுவோம். நீலத்தை அறிகின்றோம். நீலமும் நீல அறிவும் எப்பொழுதும் உடனாகவே கிடைக்கின்றன. அறியப்படாத நீலத்தை அறிந்தார் எவரும் இலர். ஒன்றைவிட்டு ஒன்று ஒருகாலும் காணப்படாமையின் இரண்டும் ஒன்றே. இனி, கனவிலே யானை துரத்துகின்றது; நெஞ்சு துடிக்கின்றது, மெய் வியர்க்கின்றது; விழித்தால் யானை இல்லை. பொருளின்றியே அறிவு பொருள் வடிவாய் எழும் என்பது இதனாற் பெறப்படும். நனவும் அத்தகையதாகாமைக்குக் காரணம் யாது? இன்னும், நம் மலைநாட்டிலே காலையில் இறங்கும் மூடுபனி, வண்டியிற் போகும் பயணிக்கு அழகு. கூடை சுமந்து மலையேறும் பெண்ணுக்கு எலும்பை நடுக்குங் குளிர். பொருள் புறத்தே ஒன்றாக இருப்பின் இருவர்க்கும் ஒருபடித்தாகத் தோன்றவேண்டுமன்றோ? ஆகவே முன்னை வாசனையால் அறிவு தானே பலவாறு விரிகின்றது. புறவுலகம் என்பது பெயரளவே என்பர்.

இதற்குச் சித்தாந்திகள் பக்கத்து விடையை நம் சொல்லில் தொகுத்துக் கூறுவோம். உடனிருத்தல் என்பது இரண்டு பொருள்கட்கே உரியது. விளக்கொளியோடன்றி நிறம் காணப்படாது. அதனால் ஒளியும் நிறமும் ஒன்றாகிவிடா. அதுபோல அறிவோடன்றிப் பொருள் அறியப்படாது என்பதனால், பொருளே அறிவு என்றல் பொருந்தாது. மேலும், மலையைக் காண்பவன் இது மலை என்று அறிகின்றானேயன்றி, நான் மலை என்று அறிகின்றானல்லன். அறிவே மலையாயின், தன்னைத் தானாகவே அறியவேண்டிய அறிவு, இது என்று புறத்தே சுட்டுவது ஏன்?

கனவைக் காட்டியதும் அவர்க்குத் துணையாகாது. நனவிற் கண்டதும் கேட்டதும் கலந்தே கனவாகின்றன. பிறவிக்குருடர்க்குக் கனவிலும் நிறமில்லை. கனவு பொய் என்று நாம் கூறுவதும் மெய்யாகிய நனவோடு ஒப்பிட்டே. எல்லாம் கனவேயாயின், கனவு என்னுஞ் சொல்லுக்கே பொருளில்லாது போகும். மூடுபனி இருவர்க்கு இருவேறாகத் தோன்றியது அவரவர் நிலை வேறுபாட்டால். வேறுபட்ட இருவரும் ஒரே பனியையே குறித்து வேறுபட்டனர் என்பதை மறத்தலாகாது. இனி வாசனை என்றார். அவ்வாசனை எதனால் ஏறிற்று? புறப்பொருளின் கூட்டத்தால் என்பாராயின், புறப்பொருள் உண்டென ஒப்பினர். காரணமின்றியே என்பாராயின், எதுவும் எங்கும் எப்பொழுதும் தோன்றல் வேண்டும். அங்ஙனம் தோன்றக் காணோம்.

எவர் எண்ணத்தையும் கேளாது பொருள் தன் வழியே தொழிற்படும் என்பதற்கு நம் மலைநாட்டு வரலாறே சான்று. இம்மலைகள் முதலிற் கோப்பித் தோட்டங்களாய் இருந்தன. 1869இல் கோப்பியிலையிலே செம்மஞ்சட் பொட்டாக ஒரு பூஞ்சண நோய் கண்டது. அதனை எவரும் எதிர்பார்த்திலர்; எவரும் விரும்பிலர். தோட்டத்துரைமார் எண்ணமெல்லாம் கோப்பி செழிக்கும் என்பதே. எண்ணம் ஒருபுறம் நிற்க, ஏறக்குறைய இருபதாண்டுகளுள் கோப்பித் தொழில் பாழாயிற்று. ஜேம்ஸ் தெய்லர் 1867இல் லூல்கந்துரையில் பயிரிட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. கண்ணுக்கெட்டாத பூஞ்சணத்தின் நுண்டூள் ஒரு நாட்டின் மலைமுகத்தையே மாற்றிவிட்டது. உலகம் நம் எண்ணத்தின் நிழலாயின், நம் எண்ணத்தை இவ்வாறு முறியடித்தல் அதற்கு எவ்வாறு இயலும்?

அங்ஙனமாயின் உலகம் யாது? சுபக்கத்திலே ஆசாரியர் தம் குருவின் வழிநின்று இதனை விளக்குவர். இல்லது தோன்றாது, உள்ளதற்கு முற்றழிவு இல்லை. தோன்றியும் நின்றும் ஒடுங்கியும் வருவதாகிய உலகம், மாயை என்னும் உள்பொருளினின்று, இறைவனது சத்தியால் தோற்றுவிக்கப்படுவது. குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அதுபோல உலகிற்கு மாயையும் சத்தியும் சிவனும் எனக் கொள்க. மாயை என்னுஞ் சொல்லைக் கேட்டவளவிலே பொய்த்தோற்றம் எனப் பொருள்கொள்ளுதல் நம்மிடையே மிக்கிருக்கின்றது. சித்தாந்தத்திலே மாயை பொய்யன்று, உலகின் வித்து. அதனை அசத்து என்று கூறுமிடத்தும், இல்பொருள் என்பது கருத்தன்று. மாறுவது, அறிவில்லாதது என்பதே கருத்து.

இறைவன் இவ்வுலகைத் தோற்றுவிப்பது எதற்கு? அநாதியே ஆணவத்தாற் கட்டுண்டு கிடக்கும் உயிர்க்கு உடம்பும் கருவியும் உலகும் நுகர்ச்சியுமாகிய தனு கரண புவன போகங்களைக் கொடுத்து, அவ்வழியே அழுக்கைக் கழுவுதற்கு. வண்ணான் சாணமும் உவர்மண்ணும் இட்டு ஆடையின் அழுக்கைப் போக்குதல்போல, மாயையாகிய மலத்தைக் கூட்டி ஆணவமாகிய மலத்தை நீக்குகின்றான் என ஆசாரியர் காட்டும் உவமை, ஆற்றங்கரையிலே துணி வெளுப்பதைக் கண்ட சிறுவர்க்கும் விளங்கும். உவர்மண் வெறுந்தோற்றமாயின் ஆடை வெளுக்குமா? ஆகவே உலகம் பொய்யென்றால் இறைவனது அருட்டொழிலும் பொய்யாய்விடும். உலகின் உண்மையைக் காத்தல், சிவனது கருணையின் உண்மையைக் காத்தலே.

மிஷன் பாடசாலையிற் கற்ற நமக்கு இக்கொள்கை முதலில் அறிமுகமானது யோகாசாரன் பெயராலன்று; ஐரிஷ் நாட்டு ஜோர்ஜ் பார்க்கிளி என்னும் பாதிரியார் பெயராலேயே. ஆசிரியர் பலரும் அவ்வாறே கேட்டிருப்பராகலின் அவரைப் பற்றியும் சிறிது கூறுவோம். அவர் 1685இல் பிறந்தார். 1710இல் வெளியிட்ட நூலிலே, சடப்பொருள் என ஒன்று இல்லை, உணரப்படுவதே உளதாதல் என நாட்டினார். ஒருவரும் காணாத காட்டில் மரம் எவ்வாறு இருக்கும் என்பார்க்கு, இறைவன் என்றும் கண்டுகொண்டிருத்தலின் இருக்கும் என விடையிறுத்தார். பெர்மியூடாத் தீவிலே கல்லூரி அமைக்கும் நோக்கத்தோடு அமெரிக்கா சென்று, பாராளுமன்றம் உடன்பட்ட 20,000 பவுணை எதிர்நோக்கி ரோட் தீவில் தங்கியிருந்தார். பணம் வந்திலது, 1731இல் வறிதே மீண்டார். எண்ணத்திலுள்ள பணம் கல்லூரி கட்டாது என்பதை அவர் வாழ்வே காட்டிற்று. எனினும் அவர் நல்லவர். 1734 முதல் குளோயின் என்னும் ஊரில் மேற்றிராணியாராய் இருந்து, நோயுற்ற ஏழைகளின் உடம்பைப் பேண முயன்றார். கீல் கலந்த நீரின் மருத்துவப் பயனைக் குறித்து 1744இல் நூலும் எழுதினார். 1753இல் ஒக்ஸ்போட் நகரில் மறைந்தார். சடமில்லை என்ற அவர் கொள்கையினும், உடம்பைப் பேணிய அவர் ஒழுக்கம் உயர்ந்தது என்போம்.

சித்தாந்தத்தின் அளவுகோல் கொண்டு பார்க்கின், பார்க்கிளியார் பதியையும் பசுவையும் ஒப்பினார். பாசத்தை மட்டும் விட்டார். யோகாசாரனோ கணந்தோறும் தோன்றி மறையும் அறிவொன்றை மட்டும் கைக்கொண்டு, மூன்றையும் விட்டான். உலகாயதன் பாசத்தில் ஒரு கூறாகிய பூதத்தையே கண்டு, பதியையும் பசுவையும் விட்டான். பாசத்தை விட்டவர்க்கு ஓர் இடர் உண்டு. உயிர்களின் அறியாமைக்கும் துன்பத்திற்கும் காரணம் யாது என வினவின், அதனை உயிரின் இயல்பென்றல் வேண்டும். அன்றி இறைவன் மேலேற்றல் வேண்டும். இயல்பாயின் ஒருகாலும் நீங்காது. இறைவன்மேல் ஏற்றின் அவன் அருளுடையவனாகான். முப்பொருளும் உண்மை என்ற அருணந்தியார்க்கு இவ்விடர் இல்லை.

ஈண்டு ஒரு தடைக்கு விடை கூறுதல் தகும். இந்து சமயத்தார் எல்லாரும் உலகைப் பொய்யென்பவர் என்று ஆங்கில நூல்கள் பலவற்றிற் படித்த இளைஞர் நம்மை வினவுகின்றனர். அது பிழை. சங்கராசாரியரே பிரமசூத்திர உரையிலே விஞ்ஞானவாதியை மறுத்துப் புறப்பொருள் உண்டென வாதிட்டுள்ளார். அவர் நெறியிலிருந்து நாம் வேறுபடுவது மற்றோரிடத்து. ஆசாரியர் மாயாவாதியைப் பரபக்கத்துள் தனியே வைத்ததும் அதுபற்றியே. யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த அமெரிக்க மிஷனரியாகிய ஹொய்சிங்டன் என்பார் சிவஞானபோதத்தை ஆங்கிலத்திற் பெயர்த்து 1854இல் அமெரிக்காவிலே வெளிவரச் செய்தார். 1913இல் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை சிவஞானசித்தியாரை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டார். ஆகவே அறிய விரும்புவார்க்கு வழி இல்லாமலில்லை, வேண்டுவது விருப்பமே.

இவ்வாராய்ச்சியால் மலைநாட்டு ஆசிரியர்க்குப் பயன் யாதெனின், அதனையே இறுதியாகக் கூறுகின்றோம். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் தோட்டத்துச் சிறுவரைக் கற்பிக்கும் ஆசிரியர் முன்னே இரு பிழைகள் நாடோறும் வந்து நிற்கின்றன. ஒன்று உலகாயதன் பிழை. தோட்டக் கணக்கிலே மனிதர் கையாகவும் கொழுந்தின் நிறையாகவும் மட்டுமே எழுதப்பட்டு வந்தனர். அக்கணக்கையே நம்பி, இச்சிறுமியும் நாளைக்குக் கூடை சுமக்கும் கைதானே என்று எண்ணும் ஆசிரியர், உயிரென ஒன்று உண்டென்பதை மறந்தவராவர். மற்றது யோகாசாரன் பிழை. லயக் காம்பராவின் ஒழுகும் கூரையையும் ஒட்டிய வயிற்றையும் கண்டு, எல்லாம் மனத்தின் மயக்கம், மனந்தெளியின் துன்பமில்லை என்று சொல்லி அமையும் ஆசிரியர், உடம்பென ஒன்று உண்டென்பதை மறந்தவராவர். உடம்பு சிவன் உயிர்க்குக் கொடுத்த கருவி. கருவியைப் பழுதுறவிடுதல் கொடுத்தவனை இகழ்தலாகும். பசித்த பிள்ளைக்கு ஒரு வாய் உணவளித்த பின்னர்ப் பதிகம் சொல்லிக்கொடுப்பவரே சித்தாந்தம் அறிந்தவர்.

உணரப்படுவதே உளதாதல் என்னும் கொள்கையின் குறையை நம் மக்கள் வேறொரு வகையிலும் அறிந்தனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால், மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் எந்நாட்டுக் குடிகளாகவும் எண்ணப்படாராயினர். 1964இல் ஸ்ரீமா சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே குடியுரிமை கிடைத்தது. இத்துணை ஆண்டும் அரசின் ஏடு அவர்களைக் கண்டிலது. கண்டிலது என்பதனால் அவர் இல்லாதவராயினரா? அவர் பறித்த கொழுந்து கப்பலேறிற்று. அவர் கட்டிய மாரியம்மன் கோயில்களில் மணி ஒலித்தது. அவர் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து பாடசாலை வந்தனர். காண்பார் இல்லாமையால் உள்ளது இல்லதாகாது. உள்ளதை உள்ளவாறு காணாமை காண்பானது குறையேயன்றிப் பொருளின் குறையன்று. அக்குறைக்கே நம் சாத்திரம் ஆணவம் என்று பெயரிட்டது. சகலாகம பண்டிதர் ஒரு குழந்தையை நோக்கியபொழுது, தம் குடியடியாருடைய மகவு என்னும் தம் எண்ணத்தையே கண்டார். எதிரே இருந்த மெய்கண்டாரைக் கண்டிலர். நாமும் வகுப்பிலே நம் எண்ணத்தைக் காண்கின்றோமா, எதிரிலிருக்கும் பிள்ளையைக் காண்கின்றோமா என்று நம்மை நாமே வினவிக்கொள்ளுதல் தகும்.

அருணந்தியார் தம் குருவிடம் பெற்ற பொருளை மறைஞானசம்பந்தர்க்கு உபதேசித்தார். அவர்வழி அஃது உமாபதி சிவாசாரியரை அடைந்தது. சித்தியார்ச் சுபக்கத்திற்கு உரைகண்ட அறுவருள் ஒருவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர் என்பது ஈழத்துச் சைவர்க்குப் பெருமை. ஆசாரியரின் குருபூசை புரட்டாதிப் பூரத்திலே நிகழ்வது. அந்நாளிலே தோட்டப் பாடசாலைகள்தோறும் அவர் வரலாற்றை ஒரு நாழிகையேனும் எடுத்துச் சொல்லும்படி ஆசிரியன்மாரை வேண்டுகின்றோம். பரபக்கத்து நியாயமெல்லாம் சிறுவர்க்கு வேண்டா. முதியவர் ஒருவர் ஒரு குழந்தை காட்டக் கண்டு தெளிந்தார் என்பதும், மலையும் மழையும் தேயிலையும் நம் உடம்பும் சிவன் நமக்குக் கொடுத்த மெய்யான பொருள்கள் என்பதும் போதும். இவ்விரண்டையும் இளமையிற் கேட்ட பிள்ளை, வளர்ந்தபின் உலகைப் பொய்யென்று வெறுக்கவும் மாட்டாது. உலகே முடிவென்று மயங்கவும் மாட்டாது.

சந்தானகுரவர் திருவடி வாழ்க.

திருச்சிற்றம்பலம்